ஐந்தேகால்

காலை எட்டரைக்கு
மழைமானியின் புனலைக் கழற்றி
போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பேன்.
கோப்பாயில் பத்தொன்பது வருஷமாய்
இது முதல் வேலை. வெங்காயம் அதற்குப் பிறகு.
மழை இல்லாத நாளுக்கும் கொப்பியில் ஓர் இடம் உண்டு,
அதில் சைபர் இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் குலநாயகத்தார்.
ஒரு கதியால் அரை முழம் நகர்ந்த நாளிலிருந்து
எங்களுக்குள் கதை பேச்சில்லை.
கீழே கிடக்கிற சுண்ணாம்புக்கல்லுக்கு
வேலி தெரியாது.
அவர் இறைத்தால் என் கிணற்றில் ஒரு படி வெளியே வரும்,
நான் இறைத்தால் அவருடையதில்.

முதலில் அவர் விடியமுன், நான் வெயில் ஏற.
எனக்கு மிச்சம் வைக்கமாட்டாரென்று
கொஞ்சம் முந்தினேன்.
முந்திவிட்டாளென்று அவர் பொழுதை மாற்றினார்.
முந்தி, பிந்தி, திரும்ப முந்தி,
மூன்றாம் கோடையில்
இரண்டு மெசினும் ஐந்தேகாலுக்கு
ஒன்றாய் இருமிக்கொண்டு எழும்பின.
ஆரும் ஆருக்கும் சொல்லியனுப்பவில்லை.

மழை அளக்கிறவர்களுக்கு ஒருமுறை வகுப்பு வைத்தார்கள்.
துவாரகி என்றொரு பிள்ளை
சுவரில் கடல்களைப் போட்டுக் காட்டினாள்.
பெருவுக்கு முன்னால் ஒரு சூடு,
மூன்று வருஷத்தில், ஏழில்,
தன்பாட்டில் ஏறும், வடியும்.
எங்கள் கடலோ
சுமாத்திராத் தோளிலிருந்து ஆபிரிக்கத் தோளுக்குப்
பாரம் மாற்றிக்கொள்ளும்.
வடக்கே, நான் வாயில் வைக்கமுடியாத பெயரோடு
இன்னும் இரண்டு.
நடுவில் இருப்பது காற்று மட்டும்.

"கன காலம் ஒன்றையொன்று கேளாமல் கிடக்கும்.
பிறகு காது கொடுக்கத் தொடங்கும்.
கேட்கக் கேட்க அடி சேரும்.
சேர்ந்த பிறகும் பிடி இறுகிக்கொண்டே போனால்
எல்லாம் ஒருமிக்கக் கழரும்.
அதற்குப் பிறகு வாறது வேறை ஒழுங்கு,
பழைய கொப்பி உதவாது."

ஆர் முதலில் தொடங்கினது?
என்று கேட்கக் கை உயர்த்தி
கூந்தலைச் சரிசெய்துகொண்டு இறக்கிவிட்டேன்.
அந்தக் கேள்வி எவ்வளவு நீளத்துக்கு இழுபடுமென்று
எனக்குத் தெரியும்.

அந்த வருஷம்
பெருவில் நெத்தலிக்குப் போனவன்
வெறும் வலையை இழுத்திருப்பான்.
எனக்குத் தெரியாது.
சுமாத்திராக் கரை நேரம் கெட்டுக் குளிர்ந்தது.
அதுவும் தெரியாது.
சோளகம் ஓய்ந்த விதம் சரியில்லை என்பது
முதுகுக்குத் தெரிந்தது. அதற்குக் கொப்பியில் நிரல் இல்லை.

ஐப்பசிக் கடைசியில் அறுபத்தொன்று தசம் நாலு.
மறுநாள் எண்பத்தெட்டு.
மூன்றாம் இரவு எண்ணாய் வரவில்லை,
ஓடாய், தகரமாய்,
ஆட்டுக்கொட்டிலின் பக்கமிருந்து ஒரு சத்தமாய் வந்தது.

டோர்ச்சோடு வெளியே வந்தேன்.
நாலு பரப்பில் நட்டு ஒன்பது நாளான வெங்காயம்
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
கிணறு கட்டுவரை வந்து, கட்டைத் தாண்டி,
அவர் கிணற்றிலிருந்து வந்த தண்ணியோடு
வேலி அடியில் நின்றது.
அங்கே இன்னொரு டோர்ச்.
தோளில் மண்வெட்டி, தலையில் உரப்பை.
மணியைப் பார்த்தேன்: ஐந்தேகால்.
இறைக்க ஒன்றுமில்லாத நாளிலும்
இரண்டு பேரும் வந்து நின்றோம்.

அவர் வெளிச்சம் என்னைத் தொடாமல்
மழைமானியில் போய் நின்றது.
பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொல்:
"எவ்வளவு?"

"எட்டரைக்குத்தான் பார்க்கலாம்," என்றேன்.

அவர் தன் வரம்பை உப்பாற்றுப் பக்கம் வெட்டினார்,
நான் என்னுடையதை.
எட்டரைக்குப் போத்தல் நிரம்பி
வெளி உருளையிலும் நின்றது.
இரண்டு தரம் அளந்து எழுதினேன்.
அவர் திரும்பக் கேட்கவில்லை.

மாசியில் தண்ணி இறங்கியது.
இப்போது அவர் ஒன்பதுக்கு இறைக்கிறார்,
சில நாள் பின்னேரம், சில நாள் இல்லவே இல்லை.
நானும் அப்படித்தான், பிடி கிடைக்காமல்.
ஐந்தேகாலுக்கு விழிப்பு மட்டும் வருகிறது.
இருட்டில் கிடந்து
வேலிக்கு அந்தப் பக்கம் காது கொடுக்கிறேன்.